அந்த ஒரு நீல ஓட்டு

ஜெனிவால்டாவைப் பயந்தாங்கொள்ளி என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி நான், காபியும் சாராயமும் விற்கிற சின்னக் கடை வைத்திருப்பவள். பள்ளிக்கூடச் சமையலறையில் பாதி மூட்டை அரிசியைத் தனியாளாகத் தூக்கி வைப்பாள். கொதிக்கிற பீன்ஸ் பானையை வெறும் துணியால் பிடித்து இறக்குவாள். உணவுப் பொருளில் கை வைத்த லாரிக்காரனை, "இறங்குடா கீழே" என்று நடுரோட்டில் நிறுத்தி மூட்டையை எடை போடச் சொன்னவள். அவள் ஒரு மனிதனுக்கு நடுங்கினாள் என்றால், அவளுக்குத் தைரியம் குறைவு என்று அர்த்தமில்லை. அவளுடைய புருஷன் உயிர் அந்த மனிதன் கையில் இருந்தது என்று அர்த்தம்.

புருஷன் பெயர் அட்மில்சன். சாதுவான ஆள், ஆடு மேய்த்தவன். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் நகரத்து ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணினால்தான் அடுத்த வாரத்தைப் பார்க்க முடியும். ஆஸ்பத்திரியில் காசு கேட்க மாட்டார்கள், அது சரி. போய்ச் சேர வேண்டாமா? எங்கள் ஜுவாப்பள்ளத்திலிருந்து நகரத்துக்குச் செம்மண் பாதை, அப்புறம் தார்ச்சாலை, பஸ் கிடையாது. நகராட்சி வேன் ஒன்றுதான் வழி. அந்த வேனில் யார் ஏறலாம், யார் ஏறக்கூடாது என்று முடிவு செய்வது தார்சீசியோ.

தார்சீசியோ அதிகாரியும் இல்லை, ஒன்றும் இல்லை. மேயருக்கு எங்கள் ஊரில் ஓட்டுப் பிடித்துக் கொடுக்கிற ஆள், அவ்வளவுதான். தண்ணீர் லாரி எந்தத் தெருவில் நிற்கும், யாருக்குப் பள்ளிக்கூட வேலை, வேனில் யாருக்கு இடம், எல்லாம் அவர் வாயில்தான். மேயர் கட்சிக்கு மஞ்சள் கொடி. எதிர்க்கட்சிக்கு நீலம். எங்கள் ஊரில் நீலத் துணியைக் கொடியில் காயப்போடக்கூட ஆளுக்கு யோசனை வரும். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். இன்றைக்கு தார்சீசியோ உயிரோடு இல்லை. பயப்பட வேண்டியவர்களும் எவரும் இங்கே மிச்சமில்லை. அதனால்தான் வாயைத் திறக்கிறேன்.

அதே வேனில் டமியான் என்று ஒரு வாலிபனும் போய்க்கொண்டிருந்தான். செவெரீனாவின் மகன். அவனுக்கும் அதே வியாதி. அட்மில்சனுக்குப் பக்கத்து சீட்டு. அட்மில்சனுக்குத் துணையாக ஜெனிவால்டா போகிற நாட்களில், மூன்று பேருக்கும் ஆவியில் வேகவைத்த சோள மாவுக் கூஸ்கூஸ் கட்டிக்கொண்டு போவாள். "அக்கா, உப்பு வேணாம்னு டாக்டர் சொன்னதைச் சாக்கா வெச்சு வெண்ணெயையும் விட்டுட்டீங்களே" என்று அந்தப் பையன் கிண்டல் பண்ணுவான். அவனுடைய அண்ணன், அறிவு கெட்டவன், தன் மோட்டார் சைக்கிளில் நீலக் கட்சி ஸ்டிக்கர் ஒட்டினான். அடுத்த வாரமே டமியானுக்கு வேனில் இடமில்லை. "வண்டி நிரம்பிடுச்சு" என்றார்கள். அவன் சீட்டு காலியாகத்தான் போனது. ஜெனிவால்டா கண்ணாலே பார்த்தாள். செவெரீனா யார் யார் காலிலோ விழுந்து, கறிக்கடை லாரியிலும் மோட்டார் சைக்கிளிலுமாக மகனைக் கொஞ்ச நாள் கொண்டுபோனாள். மழைக்காலத்தில் பாதை அடைத்துக்கொண்டது. மாதம் முடியவில்லை, பையன் போய்விட்டான். அண்ணன்காரன் அந்த அடக்கத்தோடு ஊரை விட்டே போனவன், ஓட்டுப் போடக்கூடத் திரும்பி வரவில்லை.

அடக்கம் முடிந்த அன்றைக்கு ஜெனிவால்டா செவெரீனாவின் கையைப் பிடித்துக்கொண்டு என் எதிரிலேயே சொன்னாள்: "அம்மா, இந்தத் தேர்தல்ல என் ஓட்டு அவனுங்களுக்கு இல்ல. பெட்டிக்குள்ள நான் என்ன அமுக்குறேன்னு எவன் பாக்கப் போறான்?"

"வாயை மூடுடி" என்று அவளை இழுத்துக்கொண்டு வந்தேன்.

தேர்தல் நெருங்கியதும் தார்சீசியோ தேவாலய முற்றத்தில் ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். ஓட்டு மெஷின் மாதிரியே எண்கள் வரைந்து, ஓட்டை முடிக்கப் பச்சைப் பொத்தான், தப்பை அழிக்க ஆரஞ்சுப் பொத்தான் எல்லாம் ஒட்டியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் தப்பு பண்ணாமலிருக்கப் பயிற்சியாம். முதலில் கவுன்சிலர் எண், பச்சை. அடுத்து மேயர் எண், பச்சை. அவ்வளவுதான். தினமும் சாயங்காலம் ஆளாளுக்கு வரிசையில் நின்று அமுக்க வேண்டும். கைவிரல் தானாகப் போகிற அளவுக்கு அமுக்கினோம். நானும்தான் அமுக்கினேன், எதற்கு மறைக்க வேண்டும்?

பயிற்சி முடிந்ததும் அந்த மனுஷன் ஒரு பேச்சுப் பேசுவார். அதுதான் விஷம்.

"ரகசிய ஓட்டு, ரகசிய ஓட்டுன்னு டீச்சரம்மா சொல்வாங்க. நான் ஒண்ணு கேக்குறேன். உன் விரலை வெச்சாத்தானே பெட்டி திறக்குது? விரல் யாரோடதுன்னு தெரிஞ்ச பெட்டிக்கு, அந்த விரல் எதை அமுக்குச்சுன்னு தெரியாதா?"

அட்டைப் பெட்டியை விரலால் தட்டிக்கொண்டே தொடர்வார்.

"அப்புறம், நம்பர் அமுக்குனதும் தேர்தல்ல நிக்கிற ஆளோட போட்டோ வரும்ல? நீங்க அதைப் பாக்குறீங்க. அது உங்களைப் பாக்காதுன்னு யாரு சொன்னா?"

வாக்குச்சாவடியில் உட்கார்கிற ரோசில்டா டீச்சர் என் கடையில் காபி குடிக்கும்போது தலையில் அடித்துக்கொண்டாள். "மார்லூசியா அக்கா, விரல் பாக்குறது வேற, ஓட்டு வேற. ரெண்டும் சேரவே சேராது. பெட்டி எண்ணிக்கையை மட்டும்தான் சொல்லும், பேரைச் சொல்லாது. நான் எத்தனை தேர்தல்ல உக்காந்திருக்கேன்!" நான் நம்பினேன். நம்பினாலும் மறுநாள் சாயங்காலமும் வரிசையில் போய் நின்றேன். டீச்சருக்குச் சட்டம் தெரியும். தார்சீசியோவுக்கு எங்களைத் தெரியும்.

அவர் கடைசியாகச் சொன்னதுதான் உண்மையிலேயே பயங்கரம், அதில் பொய்யே கிடையாது. "சாயங்காலம் மெஷின்லேர்ந்து ஒரு தாள் வரும். அதைக் கதவுல ஒட்டுவாங்க. நம்ம பள்ளிக்கூடத்துல நம்ம ஊர் ஆளுங்க மட்டும்தான் ஓட்டுப் போடுறாங்க. எல்லாம் மஞ்சள்னு மேயர்கிட்ட வாக்குக் குடுத்திருக்கேன். யாருக்கும் போடாத வெத்து ஓட்டுகூட விழக்கூடாது. ஒண்ணே ஒண்ணு நீலம் விழுந்தாலும் அது யாருன்னு தேடிக் கண்டுபிடிப்பேன். தேடுறதுக்கு இந்த ஊர் என்ன பெரிய பட்டணமா?"

ஜெனிவால்டா அன்றைக்கு என்னோடு வீடு திரும்பினாள். அட்மில்சன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான், வீங்கிய காலைத் தூக்கி வைத்துக்கொண்டு. அவள் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஓட்டு நாள் ஞாயிற்றுக்கிழமை. சாராயம் விற்கக்கூடாது என்று உத்தரவு. நான் காபியும் மரவள்ளி அப்பமும் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே, சட்டப்படி எவ்வளவு தள்ளி நிற்கவேண்டுமோ அதில் பாதி தூரத்தில், தார்சீசியோ மடக்கு நாற்காலி போட்டிருந்தார். யார் எவ்வளவு நேரம் உள்ளே இருக்கிறார்கள் என்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பயிற்சி எடுத்த விரல் சட்டென்று முடித்துவிடும் அல்லவா? நேரம் எடுத்தால் சந்தேகம்.

ஜெனிவால்டா உள்ளே போனாள். விரலை வைத்தாள். அட்டை மறைப்புக்குப் பின்னால் நின்றாள். கவுன்சிலருக்குச் சட்டென்று முடிந்தது. அப்புறம் என்ன நடந்தது என்பதை அவள் பிற்பாடு சொன்னாள்:

"நீலத்தோட நம்பரை அமுக்கிட்டேன் அக்கா. போட்டோ வந்துச்சு. அந்த ஆளு என்னை நேராப் பாத்தான். நீல ஆளுதான், நம்ம ஆளுதான், ஆனா அந்தக் கண்ணு இருக்கே... தார்சீசியோ சொன்னது ஞாபகம் வந்துடுச்சு. கையும் ஓடல, காலும் ஓடல. பச்சையை அமுக்காம வெளிய வந்துட்டேன்."

பச்சையை அமுக்காவிட்டால் ஓட்டு முடியாது. முடிந்தால் நீளமாக ஒரு சத்தம் வரும், வாசல் வரைக்கும் கேட்கும். அது வரவில்லை. ரோசில்டா டீச்சர் தன் மேஜையில் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள்: "ஜெனிவால்டா! இன்னும் முடியல! திரும்பிப் போய் முடிச்சுட்டு வாங்க!"

பாவம், டீச்சர் தன் கடமையைச் செய்தாள். ஆனால் வரிசையில் நின்ற எல்லாத் தலையும் திரும்பியது. ஜன்னலுக்கு வெளியிலிருந்து தார்சீசியோ சிரித்தார். "என்ன ஜெனிவால்டா, மேயரை விட்டுட்டு வர மனசில்லையா?" எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவள் முகத்தை நான் பார்த்தேன், காய்ந்த மாவு நிறத்தில் இருந்தது.

திரும்பிப் போனாள். நீளச் சத்தம் கேட்டது. வெளியே வந்து என் எதிரில் நின்று காபி கேட்டாள். வாங்கினாள், குடிக்காமல் திருப்பிக் கொடுத்தாள்.

"என்னடி ஆச்சு?"

"தெரியல அக்கா."

"என்ன தெரியல?"

"எதை அமுக்குனேன்னு தெரியல. கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. ஆரஞ்சை அமுக்குன மாதிரியும் இருக்கு, அமுக்காத மாதிரியும் இருக்கு. சத்தம் வந்ததும் ஓடி வந்துட்டேன். ரகசிய ஓட்டு ரகசிய ஓட்டுங்கிறாங்களே, எனக்கே தெரியல அக்கா!"

சாயங்காலம் தாளை ஒட்டினார்கள். ஊரே கதவுக்கு முன்னால். ரோசில்டா டீச்சர் படித்தாள். மேயருக்கு நூற்றுச் சொச்சம். வெற்று ஓட்டு இல்லை, செல்லாத ஓட்டு இல்லை. நீலக் கட்சிக்கு, ஒன்று.

ஒன்று என்றால் எவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பத்து விழுந்திருந்தால் பத்துப் பேரும் கூட்டத்தில் ஒளிந்திருக்கலாம். ஒன்று எங்கே ஒளியும்? ஒவ்வொருத்தரும் பக்கத்து ஆளைப் பார்த்தார்கள். புருஷன் பெண்டாட்டியைப் பார்த்தான். அத்தனை பேருடைய பார்வையும் சுற்றிச் சுற்றி ஜெனிவால்டாவிடம் வந்து நின்றது. உள்ளே போய், வெளியே வந்து, மறுபடி உள்ளே போனவள் அவள் ஒருத்திதானே!

தார்சீசியோ கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தொப்பியைச் சரி பண்ணிக்கொண்டு சொன்னார்: "யாருன்னு எனக்குத் தெரியும். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள அந்த ஆள் தானா வந்து என் வீட்டுல சொல்லட்டும். மன்னிச்சுடுவேன். நானா வந்து கேட்டா, அப்புறம் என்மேல வருத்தப்படக்கூடாது."

செவ்வாய்க்கிழமை வேன் வரும் நாள்.

திங்கட்கிழமை காலையில் நான் ஜெனிவால்டா வீட்டுக்குப் போனபோது அட்மில்சன் அவளிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான். "நீ போடலேன்னே சொல்லிடு. கன்னிமாதா மேல சத்தியம் பண்ணு. ஒண்ணும் ஆகாது."

"போடலேன்னு எப்படிச் சத்தியம் பண்றது? போட்டிருந்தா?"

"அப்போ போட்டேன்னு எப்படிடி ஒத்துக்குவே? போடாம இருந்தா?" என்று நான் கேட்டேன்.

"ஒத்துக்கிட்டா மன்னிப்பேன்னு சொன்னாரே அக்கா. ஒத்துக்காம இருந்து அவரா கண்டுபிடிச்சா நாளைக்கு வேன் நிக்காது. டமியானுக்கு ஒரு மாசம் தாங்குச்சு. இவர் அவ்வளவு தாங்கமாட்டாரு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் அவள்மேலேயே காட்டினேன். "போ, போய் அவன் கால்ல விழு!" என்று கத்தினேன். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். எனக்கு மனசு கேட்காமல் கொஞ்சம் பின்னாலேயே போனேன்.

தார்சீசியோ வீட்டு முன்னறையில் ஏற்கெனவே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கிழவர் ஜுரந்திர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். "என்ன தாத்தா, இங்க?" என்று வாசலில் நின்று கேட்டேன்.

"என் விரலு தடிமன்மா. ஒரு பொத்தானை அமுக்கினா ரெண்டு விழும். அது நானாத்தான் இருக்கணும். ராத்திரியெல்லாம் யோசிச்சேன்."

பக்கத்தில் இருந்தவன் செங்கல் சூளைக்காரன். அவனுக்குக் கண் சரியில்லையாம், அது அவன்தானாம். அவனுக்கு அந்தப் பக்கம் ஒரு கர்ப்பிணிப் பெண். மயக்கமாக இருந்ததால் எதை அமுக்கினாளோ தெரியாதாம், அழுதுகொண்டிருந்தாள். அட, ஒரே ஒரு ஓட்டு, அதற்கு எத்தனை சொந்தக்காரர்கள்! அத்தனை பேரும் மஞ்சள் கொடியைத் தலையில் கட்டிக்கொண்டு திரிந்தவர்கள். சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை. தார்சீசியோ நடுவில் உட்கார்ந்து, யாரை நம்புவது என்று தெரியாமல் முகம் சிவந்திருந்தார்.

பெண்கள் அந்த வீட்டுக்குப் பின்பக்கமாகத்தான் போவோம். ஜெனிவால்டாவும் சமையலறை வழியாகப் போனாள். அங்கே ஒலிந்தா அம்மா ஆட்டுக்கறி நறுக்கிக்கொண்டிருந்தாள். தார்சீசியோவின் மனைவி. பேசாத பொம்பளை. கூட்டத்தில் அவள் பேசி நான் கேட்டதே இல்லை. மஞ்சள் ரவிக்கை போட்டு மேடை ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான்.

உள்ளே நடந்தது இது. ஜெனிவால்டா பல வருஷம் கழித்து எனக்குச் சொன்னபடி சொல்கிறேன்.

"எங்க போறே?" என்றாள் ஒலிந்தா.

"அய்யாவைப் பாக்கணும்மா. அந்த நீல ஓட்டு..."

"உக்காரு."

"நான்தான்னு சொல்லிட்டு, காலைப் பிடிச்சுக் கேட்டுட்டு..."

"உக்காருன்னேன்ல!" ஒலிந்தா கதவைச் சாத்தினாள். கத்தியைக் கழுவினாள். கையைத் துடைத்தாள். "நீ சொல்லக்கூடாது. அது நீ இல்ல."

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"அது நான்."

ஜெனிவால்டாவுக்குக் காதில் விழுந்தது மண்டையில் ஏறவில்லை.

"டமியானுக்கு ஞானஸ்நானம் நடந்தப்போ தொட்டியில தலையைப் பிடிச்சது யாரு? நான் அவனுக்கு ஞானத்தாய். என் வீட்டு ஆளு சொல்லித்தான் வேன் நிக்காமப் போச்சு. நான் ஒரு வார்த்தை கேக்கல, கேக்க வாய் வரல. பெட்டிக்கு முன்னாடிதான் வந்துச்சு." ஒலிந்தாவின் குரல் உயரவே இல்லை. "நேத்து ராத்திரி என் பக்கத்துல படுத்துக்கிட்டு, யாரா இருக்கும் யாரா இருக்கும்னு ஊர்ல ஒவ்வொரு பேராச் சொல்லிக்கிட்டிருந்தாரு. என் பேரு மட்டும் வரவே இல்ல."

முன்னறையில் ஜுரந்திர் தாத்தா உரக்கச் சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்குப் போ" என்றாள் ஒலிந்தா. "வேனுக்கு நான் பொறுப்பு. இத்தனை பேர் வந்து ஒத்துக்கிட்டா அவரு என்ன பண்ண முடியும்? ஊர் சிரிக்கும்னு விட்டுடுவாரு."

ஜெனிவால்டா எழுந்தாள். கதவு வரைக்கும் போனாள். அப்போதுதான் அவளுக்குக் கணக்குப் புரிந்தது.

"அம்மா, நீலம் ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான்."

"வெத்து ஓட்டு?"

ஒலிந்தா அவளைப் பார்த்தாள். "ஒண்ணும் இல்ல."

"அப்போ என்னோடது மேயருக்கே போயிடுச்சா?"

ஒலிந்தா கத்தியை எடுத்தாள். மறுபடி கறி நறுக்கப் போய்விட்டாள்.

அட்டைப் பெட்டியில் அமுக்கி அமுக்கிப் பழகின விரல். கண் இருட்டினபோது பழகின வழியில் போய்விட்டது. வெளியே வந்தவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, "சொல்லல அக்கா, அய்யாவைப் பாக்கல" என்றாள், அவ்வளவுதான். அவள்தான் போட்டாள், கடைசி நேரத்தில் தைரியம் வந்து ஒத்துக்கொள்ளாமல் திரும்பிவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்கு அவளை நினைத்து அவ்வளவு பெருமை, கூடவே அவ்வளவு பயம்.

செவ்வாய்க்கிழமை விடிந்தும் விடியாமலும் நாங்கள் மூன்று பேரும் பாதை ஓரத்தில் நின்றோம். அட்மில்சனால் நிற்க முடியவில்லை, என் கடை முக்காலியைக் கொண்டுபோய்ப் போட்டேன். தூரத்தில் விளக்கு தெரிந்தது. ஜெனிவால்டா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் இரண்டு நாள் வலி இருந்தது. வேன் மேட்டில் ஏறியது. வேகம் குறையவில்லை. அப்புறம் குறைந்தது. நின்றது. டிரைவர் ஜன்னல் வழியாக, "என்ன அட்மில்சன், ஏறுப்பா, நேரமாச்சு" என்றான், எந்த நாளும் சொல்கிற மாதிரி.

வேன் போன பிறகு அவள் ஓவென்று அழுதாள். "வண்டிதான் வந்துடுச்சே, இன்னும் எதுக்குடி அழுறே?" என்று அதட்டினேன். எனக்கும் கண்ணில் தண்ணீர்.

கடைக்குத் திரும்பினால், செவெரீனா உட்கார்ந்திருந்தாள். மகன் போன நாளிலிருந்து, ஓட்டுப் போடக்கூட, வீட்டு வாசல் தாண்டாதவள். கறுப்பு உடை, கையில் ஒரு துணி முடிச்சு. நாட்டுக்கோழி முட்டைகள். ஜெனிவால்டாவைப் பார்த்ததும் எழுந்து வந்து, அவள் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து முத்தம் கொடுத்தாள். மறுபடியும் கொடுத்தாள்.

"ஊரே அவன் பக்கம் சாஞ்சப்போ என் பிள்ளைக்காக ஒருத்தி இருந்தே. எனக்குத் தெரியும்மா, நீதான்னு. அன்னைக்குச் சொன்னியே, சொன்னதைச் செஞ்சுட்டியே."

ஜெனிவால்டா கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். செவெரீனா விடவில்லை. நான் இல்லை என்று சொல்ல ஜெனிவால்டாவின் வாய் திறந்தது. அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இல்லை என்றால், பின்னே யார் என்று செவெரீனா தேடுவாள். தேடினால் ஞானத்தாய் வரைக்கும் போய் நிற்கும். வாய் திறந்தபடியே நின்றது. தன்னடக்கம் என்று நான் நினைத்தேன். எனக்கு என்ன தெரியும்!

"பயப்படாதே" என்றாள் செவெரீனா, அவள் கன்னத்தைத் தடவி. "நான் செத்தாலும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"சொல்லிடாதீங்கம்மா" என்றாள் ஜெனிவால்டா.